புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு அடுப்பு: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் போன்ற இங்கிலாந்து நகரங்களில் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கினால், முன்னறையில் அடைத்துவைத்த கணப்பும் அதன் மேல் ஒரு புகைக்கூடும் கூடவே வரும். அதில் ஒரு விறகு அடுப்பை வைத்தால் என்ன என்ற ஆசை குளிர் தொடங்கியதும் எட்டிப் பார்க்கும். ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த நகரங்களில் பெரும்பாலான தெருக்கள் சட்டப்படி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வருகின்றன. அதாவது எந்த அடுப்பில் எதை எரிக்கலாம் என்பதற்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.

1952 டிசம்பரில் ஐந்து நாள் லண்டனை மூடிய புகைமூட்டம்தான் இதற்குக் காரணம். அப்போது இறந்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பின்னாளில் வந்த ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோயின. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது அதன் 1993ஆம் ஆண்டு வடிவம். எந்தெந்தத் தெரு கட்டுப்பாட்டுக்குள் வரும் என்பதை உள்ளூர் கவுன்சில்தான் அறிவிக்கிறது. எனவே கடைக்குப் போவதற்கு முன் கவுன்சிலின் இணையதளத்தில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்குப் பொருந்துவது; ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் விதிகள் கொஞ்சம் மாறும்.

மூன்று முத்திரைகளையும் ஒன்றாக நினைப்பது

கடையில் மூன்று பெயர்கள் காதில் விழும்: டெஃப்ரா விலக்கு, எகோடிசைன், ரெடி டு பர்ன். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. மூன்றுக்கும் வேலை வேறு.

டெஃப்ரா என்பது சுற்றுச்சூழலைக் கவனிக்கும் அரசுத் துறை. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்க வேண்டுமென்றால் அந்தத் துறையின் விலக்குப் பட்டியலில் உங்கள் அடுப்பின் மாடல் இருக்க வேண்டும். இதற்கான சோதனையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிராம் புகை வெளியேறுகிறது என்று அளப்பார்கள். அடிப்படை வரம்பு 5 கிராம்; அடுப்பின் திறனில் ஒவ்வொரு 0.3 கிலோவாட்டுக்கும் 0.1 கிராம் கூடும். 5 கிலோவாட் அடுப்பு என்றால் மணிக்குச் சுமார் 6.7 கிராம்.

எகோடிசைன் வேறு கணக்கு. 2022 ஜனவரி 1 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் எல்லா அடுப்பும், நகரமோ கிராமமோ, இதற்கு உட்பட வேண்டும். மூடிய அடுப்பு என்றால் வெளியேறும் வாயுவில் ஒரு கன மீட்டருக்கு நுண்துகள் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எரிபொருளின் சூட்டில் அறைக்குக் கிடைக்கும் பங்கு 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். சோதிக்கும் முறை வேறு என்பதால், எகோடிசைன் அடுப்பு ஒன்று டெஃப்ரா பட்டியலில் தானாக இடம்பிடித்துவிடாது. "இது எகோடிசைன் சார், லண்டனில் தாராளமாக எரிக்கலாம்" என்று விற்பனையாளர் சொன்னால், பட்டியலில் அந்த மாடலை அங்கேயே ஃபோனில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். ஒரே அடுப்பு விலக்குள்ள வடிவம், இல்லாத வடிவம் என்று இரண்டாக விற்கப்படுவதும் உண்டு. மாடல் பெயரின் கடைசி எழுத்துவரை ஒத்துப்பாருங்கள்.

ரெடி டு பர்ன் அடுப்பைப் பற்றியதே அல்ல, எரிபொருளைப் பற்றியது. அந்த முத்திரை உள்ள விறகை வாங்கி, திறந்த கணப்பில் போட்டு எரித்தால் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் திறந்த கணப்பில் எவ்வளவு காய்ந்த விறகும் எரிக்க முடியாது. அங்கே அனுமதிக்கப்பட்ட புகையில்லா எரிபொருள் மட்டும்தான். மீறிப் புகை வந்தால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்ட் வரை அபராதம் போடலாம். விலக்கில்லாத அடுப்புக்காக அனுமதியில்லாத எரிபொருளை வாங்கினாலே 1,000 பவுண்ட் வரை போகும்.

தேவைக்கு மேல் பெரிய அடுப்பு

என் கணிப்பில் எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். குளிர் நாடு, பெரிய அடுப்பாக இருந்தால் நல்லது என்று தோன்றும். விலையில் பெரிய வித்தியாசமும் இருக்காது. 4 கிலோவாட்டுக்குப் பக்கத்திலேயே 8 கிலோவாட் நிற்கும். கண்ணாடி பெரிதாக, பார்க்க அழகாக இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் சுமாரான வெப்பக்காப்புள்ள வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போதும் என்று தெரிந்துவிடும். 4.5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் 45 கன மீட்டர். 14ஆல் வகுத்தால் 3.2 கிலோவாட். காற்று புகும் பழைய ஜன்னல், வெறும் மரத்தரை என்றால் 10ஆல் வகுங்கள், 4.5 வரும். அதற்கு மேல் அந்த அறைக்கு எதற்கு?

அங்கே 8 கிலோவாட் அடுப்பை வைத்தால் என்ன ஆகும்? அது ஒழுங்காக எரிய மணிக்குச் சுமார் இரண்டரைக் கிலோ காய்ந்த விறகு கேட்கும். அப்படி எரித்தால் அரை மணி நேரத்தில் அறையில் உட்கார முடியாது. உடனே கை தானாகக் காற்றுத் திறப்பை அடைக்கப் போகும். அடைத்ததும் சுடர் சுருங்கும், விறகு கனன்றுகொண்டே கிடக்கும். விறகின் சூட்டில் பாதிக்கு மேல் அதிலிருந்து கிளம்பும் வாயு எரிவதால்தான் வருகிறது. காற்றும் சூடும் போதாதபோது அந்த வாயு எரியாமல் புகையாகவும் தாராகவும் மேலே போகிறது. கொஞ்சம் புகைக்கூட்டின் உட்சுவரில் படியும்; மீதி அடுத்த வீட்டுக் குழந்தையின் படுக்கையறை ஜன்னலுக்குப் போகும்.

இங்கேதான் சான்றிதழின் சூட்சுமம் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் அந்த அடுப்பு வாங்கிய மதிப்பெண் காய்ந்த விறகோடு, போதுமான காற்றோடு எரித்தபோது கிடைத்தது. அடைத்துப்போட்டு எரித்தால் அந்த மதிப்பெண் உங்கள் வீட்டில் செல்லாது. விலக்கும் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் சொன்னபடி எரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. அதனால்தான் விலக்குள்ள அடுப்பு பலவற்றில் மேல்காற்றுத் திறப்பை முழுதாக மூட முடியாதபடி ஒரு சிறு தடுப்பைப் பொருத்தியிருப்பார்கள். விறகு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதென்று அந்தத் தடுப்பைக் கழற்றிவிடுவோர் உண்டு. கழற்றிய அந்த நிமிடமே அது பட்டியலில் உள்ள அடுப்பு இல்லை.

இரவு படுக்கப் போகும்போது அடுப்பு நிறையக் கட்டையை அடுக்கி, காற்றை அடைத்து, காலையில் கனல் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இதே குடும்பத்துத் தவறு. புகைக்கூட்டில் தார் தடித்து ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். பெரிய அடுப்பை அடக்கி எரிப்பதைவிடச் சின்ன அடுப்பை முழு வேகத்தில் எரிப்பது எல்லா வகையிலும் மேல். கதவுக் கண்ணாடி அடிக்கடி கறுக்கிறதா, உள்ளே இருக்கும் காப்புப் பலகைகள் வெளிறாமல் கரியேறிக் கிடக்கின்றனவா, பாருங்கள். அப்படியென்றால் சூடு போதவில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. காற்று ஓரளவு கசியும் பழைய வீட்டில் 5 கிலோவாட் வரை சுவரில் தனியாக நிரந்தரக் காற்றுத் துளை போட வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு கூடுதல் கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். இறுக்கமாகக் கட்டிய புதிய வீட்டில் 5க்குக் கீழேயும் துளை தேவைப்படும்.

மல்டி ஃப்யூல் என்றால் எதையும் போடலாமா?

மல்டி ஃப்யூல் அடுப்பில் விறகும் எரியும், புகையில்லாக் கரியும் எரியும். இரண்டுக்கும் நெருப்பின் இயல்பு வேறு. கரிக்குக் கீழிருந்து காற்று வர வேண்டும். அதனால்தான் கம்பித்தட்டும் கீழே சாம்பல் தட்டும். விறகு சாம்பல் மெத்தையின் மேல் கிடந்து மேலிருந்து வரும் காற்றில் நன்றாக எரியும். விறகு எரிக்கும்போது கீழ்க்காற்றைத் திறந்தே வைத்தால் விறகு மளமளவென்று தீர்ந்துபோகும். சூடு அறைக்கு வராமல் புகைக்கூட்டுக்குப் போகும். விறகு மட்டும்தான் எரிக்கப்போகிறீர்கள் என்றால் விறகு அடுப்பே போதும். எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதல் வசதிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

டெஃப்ரா பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் நேரே எந்த எரிபொருளுக்கு விலக்கு என்றும் போட்டிருக்கும். அங்கே விறகு என்று மட்டும் இருந்தால், மல்டி ஃப்யூல் என்ற பெயரை நம்பிச் சாதாரண நிலக்கரியைப் போட முடியாது. இங்கிலாந்தில் வீட்டு நிலக்கரியைப் பையில் விற்பது 2021 மே 1 முதலும், தளர்வாக விற்பது 2023 மே 1 முதலும் நின்றுபோய்விட்டது. ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரியும், அனுமதிப் பட்டியலில் உள்ள புகையில்லாக் கட்டிகளும் பிரச்சினை இல்லை. பெட்ரோலியக் கோக் கலந்த கரி மட்டும் சூடு அதிகமாகிக் கம்பித்தட்டை உருக்கிவிடும். தயாரிப்பாளர் உத்தரவாதமும் தரமாட்டார்.

விறகையும் கரியையும் சேர்த்துப் போடுவது பலருக்குத் தெரியாமல் நடக்கும் தவறு. கரியில் உள்ள கந்தகமும் விறகிலிருந்து வரும் நீராவியும் சேர்ந்து புகைக்குழாயின் உள்ளே அமிலமாகப் படியும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயையும் அது தின்றுவிடும். குழாயிலும் தரம் உண்டு: 316 என்பது விறகுக்கு, 904 என்பது கரியும் எரிக்கிறவர்களுக்கு. பிற்பாடு கரிக்கு மாறலாம் என்ற எண்ணம் இருந்தால் முதலிலேயே 904 போடச் சொல்லுங்கள். குழாயை மாற்றும் செலவு சில சமயம் அடுப்பின் விலையை எட்டிப்பிடிக்கும்.

விறகு

பச்சை விறகோடு ஊதுகுழலை வைத்துப் போராடிய அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. புதிதாக வெட்டிய கட்டையில் எடையில் பாதி நீராகவே இருக்கலாம். அதாவது ஒரு கிலோவில் அரை லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்கிய பிறகுதான் அறைக்குச் சூடு. 2021 மே முதல் இங்கிலாந்தில் இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குத்தான் ரெடி டு பர்ன் முத்திரை. அதற்கு மேல் மொத்தமாக வாங்கினால் ஈர விறகாகவும் வரலாம். காயவைப்பது உங்கள் பொறுப்பு.

ஈரமானி வாங்கியவர்கள் கட்டையின் வெளிப்பக்கத்திலோ முனையிலோ குத்திப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். அங்கே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் குத்துங்கள். ஆஷ், பர்ச் போன்றவை பிளந்து அடுக்கினால் ஓரளவு சீக்கிரம் காயும். ஓக் இரண்டு வருடமாவது கேட்கும். மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று போகும்படி வையுங்கள். தார்ப்பாயால் முழுக்கப் போர்த்தினால் பூஞ்சைதான் வரும்.

சாலையோரம் கிடக்கும் பழைய வேலிப் பலகை, பெயின்ட் அடித்த கதவு, எம்.டி.எஃப். துண்டு எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. பழைய வேலி மரத்தில் ஆர்சனிக் சேர்ந்த மருந்து ஏற்றியிருக்கலாம். எரித்த பிறகு அது சாம்பலிலும் புகையிலும் இருக்கும்.

பழைய அடுப்பு, புகைக்குழாய், காகிதம்

ஃபேஸ்புக்கில் மலிவாக வரும் பழைய அடுப்பை எடுப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பின்புறத் தகட்டில் மாடல் எண் இல்லையென்றால் பட்டியலில் தேட வழியில்லை. எண் இருந்து, மாடல் பட்டியலில் இருந்தாலும் காற்றுத் தடுப்பு கழற்றப்பட்டிருக்கலாம். கதவுக் கயிறு தேய்ந்திருந்தால் காற்று கண்டபடி உள்ளே போகும். கயிறு மலிவு, மாற்றிவிடலாம். உடலில் விரிசல் என்றால் விட்டுவிடுங்கள்.

பழைய செங்கல் புகைக்கூட்டில் அடுப்பை நேராக விட்டுவிடுவதும் வேண்டாம். உள்ளே இடம் அகலமாக இருப்பதால் புகை குளிர்ந்து தயங்கும், இழுவை போய்விடும். அடுப்பின் வாய்க்கு ஏற்ற எஃகுக் குழாயை மேல்வரை இறக்க வேண்டும். விறகு எரித்தால் வருடத்துக்கு இரண்டு முறையாவது தூர்வார ஆள் கூப்பிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அதே அறையில் கட்டாயம். அடுப்பிலிருந்து கிடைமட்டமாக ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள், கூரையில் என்றால் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி. அடுப்புக்கு நேர் மேலே மாட்டுவது பிழை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சுத்தமான விறகு அடுப்பு காஸ் பாய்லரை விடப் பல மடங்கு நுண்துகளை வெளியே விடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், ஏற்கெனவே மத்திய வெப்ப வசதி இருந்தால், அடுப்பு தேவையா என்பதையும் சேர்த்து யோசிக்கலாம். உலகச் சுகாதார நிறுவனம், காற்றில் இருக்கலாம் என்று தான் பரிந்துரைக்கும் ஆண்டுச் சராசரி நுண்துகள் வரம்பை 2021இல் ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. ஊருக்குள் எரியும் ஒவ்வொரு அடுப்பும் அந்தக் கணக்கில் சேர்கிறது.

சரி, வைப்பதென்றே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், ஹெட்டாஸ் போன்ற அங்கீகாரத் திட்டத்தில் பதிந்த ஆளைக் கொண்டு பொருத்துங்கள். தெரிந்த மேஸ்திரி மலிவாகச் செய்கிறார் என்று அவரிடம் விட்டால், கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் நீங்களே முன்கூட்டித் தெரிவித்து, கட்டணம் கட்டி, ஆய்வுக்கு ஆள் வரவழைக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு சான்றிதழ் கைக்கு வர வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அதைக் கேட்கும். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டரும் கேட்பார்.