ஹுன்யாடி யானோஷ் அரசவையில் மேலே வந்த கதையைச் சாசனங்களில் தேடுவது எப்படி

ஹுன்யாடி யானோஷ் பதினைந்தாம் நூற்றாண்டு ஹங்கேரியின் படைத்தலைவர். அவரைத் தேடுமுன் முதலில் பெயரைச் சரியாகப் பிடியுங்கள். ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால், ஆளின் பெயர் பின்னால். ஹுன்யாட் என்பது ஊர், யானோஷ் என்பது ஆள். நாம் மதுரை சோமு என்று சொல்கிற மாதிரிதான். வெளிநாட்டுப் புத்தகங்களில் ஜான் ஹுன்யாடி என்று திருப்பிப் போட்டிருப்பார்கள், தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். இன்னொரு சிக்கல், அவருடைய தம்பிக்கும் யானோஷ் என்றேதான் பெயர். அண்ணனா தம்பியா என்று பார்க்காமல் எழுதினால் பாதிக் கணக்கு தப்பாகிவிடும்.

அப்புறம், போரிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோரும் நேராக, துருக்கியர் நடத்திய 1456 பெல்கிரேடு முற்றுகையில் போய் நிற்கிறார்கள், ஆனால் அங்கே படை நடத்தும் நிலைக்கு அவர் எப்படி வந்தார் என்பது நிலத்திலும் பதவியிலும் கடனிலும்தான் இருக்கிறது. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போடுங்கள்: ஆண்டு, அரசன் யார், என்ன பதவி, என்ன கிடைத்தது.

முதல் வரி 1409. சிகிஸ்முண்ட் அரசர் ஹுன்யாட் கோட்டையை யானோஷின் அப்பா வோய்க்குக்குக் கொடுத்த சாசனம். வோய்க் அதில் அரசவை வீரர், குடும்பம் உள்ளே நுழைந்த வாசல் அதுதான். அதிலுள்ள பெயர்களை நிதானமாகப் படியுங்கள்: வோய்க், கூடப் பிறந்தவர்கள் இருவர், ஒரு பங்காளி, கடைசியில் மகன் யானோஷ். மகன் அப்போது சின்னக் குழந்தை. வாரிசு அற்றுப்போனால் சொத்து அரசனுக்கே திரும்பிவிடும், அதனால்தான் சாசனத்தில் இத்தனை பெயர்.

தேதியைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், புனிதர்களின் திருநாளை வைத்துத்தான் எழுதுவார்கள். நம் அப்பத்தாக்கள் 'அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் பிறந்தவன்' என்று சொல்வதில்லையா, அப்படி. லூக்கா திருநாள் என்றால் எப்போதும் அக்டோபர் 18. ஈஸ்டரை ஒட்டி எழுதியிருந்தால் அந்தந்த ஆண்டுக்குக் கணக்குப் போட்டாக வேண்டும், சித்ரா பௌர்ணமி மாதிரி அது நகரும்.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது 1434-இல். அரசருக்கு யானோஷ் 1,200 பொற்காசு கடன் கொடுக்கிறார், பதிலுக்கு ஒரு சிறுநகரமும் பக்கத்துப் படகுத்துறை வருமானத்தில் பாதியும் அண்ணன் தம்பி கைக்கு வருகின்றன. நம் ஊர் ஒத்தியை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். சேவகனிடமே அரசன் கடன்படுகிறான் என்றால் அந்தச் சேவகனை எளிதில் கைவிட முடியாது. இந்த மாதிரி வரிகளைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

1439-இல் ஆல்பர்ட் அரசர் அண்ணன் தம்பி இருவரையும் நாட்டின் தெற்கு எல்லையான செவெரினுக்குப் பொறுப்பாளர் ஆக்குகிறார், அதே ஆண்டு இறந்தும் போகிறார். பிறகு ஒரே நாட்டுக்கு இரண்டு அரசர்கள்: ஆல்பர்ட்டின் கைக்குழந்தை மகன் லாஸ்லோ, போலந்திலிருந்து வந்த உலாஸ்லோ. யானோஷ் போலந்துக்காரர் பக்கம் நின்றார், 1441-இல் நாட்டின் கிழக்குப் பகுதியான டிரான்சில்வேனியாவின் வொய்வோட் ஆனார், கூடவே உய்லாகி மிக்லோஷ் என்ற பிரபுவும் அதே பதவியில். வொய்வோட் என்பதை வெறும் ஆளுநர் என்று எழுதிவிடாதீர்கள், படையும் நீதியும் ஒரே கையில் இருக்கிற பதவி அது. மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டப வாசலில் குதிரைமேல் இருக்கும் அரியநாத முதலியாரை ஒருமுறை நின்று பாருங்கள். தளவாயும் பிரதானியும் ஒரே ஆளாக இருந்தால் எவ்வளவு பலம் என்பது நமக்குப் புதிதில்லை.

1444-இல் துருக்கியரோடு நடந்த வார்னா போரில் அரசர் உலாஸ்லோ இறக்க, 1446-இல் யானோஷ் நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளர் ஆகிறார். இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் உண்டு, வேகமாக நிரப்பிவிடலாம். 1526-க்கு முந்தைய சாசனங்களின் படங்களை ஹங்கேரி தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. லத்தீன் தெரியாவிட்டாலும் பெயர், ஊர், தொகை ஆகியவற்றைத் தேடப் பழகிக்கொள்ளலாம்.

1456 ஆகஸ்டில் அவர் கொள்ளைநோயில் இறந்ததோடு தாளை மடித்துவிடாதீர்கள். 1458 ஜனவரிக்கு ஒரு வரி விடுங்கள். அவருடைய மகன் மாத்யாஷை அன்று அரசனாகத் தேர்ந்தெடுத்தார்கள், 'அரசன் யார்' என்ற கட்டத்தில் இனி ஹுன்யாடி என்று எழுத வேண்டும்.