ரெட்ரோ கேம் லைப்ரரி: 'ஒரே கிளிக்' வசதி கேட்பதற்கு முன்

போன மாதம் நீடாமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடிக்கு வந்தான். பழைய வீடியோ கேம்களை அடுக்கிவைக்க நான் ஒரு சின்ன மென்பொருள் எழுதி, தெரிந்த நாலைந்து பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் இன்னும் என்னென்ன வசதி வேண்டும் என்று ஒரு தாளில் மூன்று வரி எழுதி வந்திருந்தான். முதல் வரி: எல்லா ஃபைல் பெயரையும் ஒரே கிளிக்கில் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டாவது: தேவையில்லாத ஃபைல்களை ஒரே கிளிக்கில் நீக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. அந்த இரண்டையும் அதே வரிசையில் பல வருடம் முன்பு நானே எழுதி, நானே ஓட்டி, நானே அனுபவித்திருக்கிறேன்.

கார்ட்ரிட்ஜை வாயால் ஊதாதே, பேக்கப் எடு, வைரஸ் பார் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யமாட்டார்கள், அது வேறு கதை. லைப்ரரி ஓரளவு சேர்ந்தபிறகு, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

பெயரை அழகாக்குகிறேன் என்று ஃபைலைத் தொடுவது

எங்கள் வீட்டு வயல் ஒன்றை அப்பா 'கொட்டகைச் செய்' என்பார். சித்தப்பா அதையே 'மேலப்பங்கு' என்பார். நடவுக்கு வருகிறவர்கள் 'புளியமரத்து வயல்' என்பார்கள். மூன்றும் சரிதான், யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்கப் போனால் சர்வே நம்பர்தான் செல்லும். கூப்பிடுகிற பெயர் மாறலாம், நம்பர் மாறக்கூடாது. கேம் லைப்ரரியில் இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துதான் நான் கெட்டேன்.

கார்ட்ரிட்ஜில் இருக்கும் கேமை அப்படியே நகலெடுத்த ஃபைலுக்கு ரோம் என்று பெயர். ரோம் ஃபைல்களின் பெயர் பார்க்க லட்சணமாக இருக்காது. கார்ட்ரிட்ஜ் கேம்களைப் பட்டியலிடும் நோ-இன்ட்ரோ முறையில் 'போகிமான் - எமரால்டு வெர்ஷன் (யு.எஸ்.ஏ., ஐரோப்பா)' என்று நீளமாக இருக்கும். அடைப்புக்குறிகள் கண்ணை உறுத்தின. ஒரு ஆயுத பூஜை லீவில் உட்கார்ந்து, அடைப்புக்குறியையும் அதற்குள் இருப்பதையும் வெட்டி எறிகிற நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓட்டியதும் பட்டியல் பளிச்சென்று ஆகிவிட்டது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஸ்கிரிப்ட் தொட்டது ரோம் ஃபைலை மட்டும். ஆட்டம் எதுவரை வந்தது என்று வைத்திருக்கும் பக்கத்து சேவ் ஃபைலை, அதாவது 'எஸ்.ஏ.வி.' என்று முடியும் ஃபைலை, அது தொடவில்லை. எமுலேட்டருக்கு, அதாவது பழைய கேம் பெட்டியைப்போல நடித்து ரோமை ஓட்டும் மென்பொருளுக்கு, மூளை கிடையாது. ரோம் எந்தப் பெயரோ அதே பெயரில் சேவ் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் புது ஆட்டம் என்று நினைத்துக்கொள்ளும். இதுவரைக்கும் நடந்தது திருத்தக்கூடிய தப்பு. பெயரை மாற்றினால் போதும், எல்லாம் திரும்ப வந்துவிடும்.

ஆனால் அன்று சாயங்காலமே இரண்டாவது ஸ்கிரிப்டையும் எழுதினேன். எந்த ரோமோடும் பெயர் பொருந்தாத உதிரி ஃபைல்களை அழிக்கும் ஸ்கிரிப்ட். காலையில் நானே அநாதையாக்கிய சேவ் ஃபைல்கள் அத்தனையும் மாலையில் உதிரியாக அதன் கண்ணில் பட்டன. ஒரு எண்டர் தட்டினேன்.

உடனே தெரிந்திருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம். பழைய கேமை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்? பொங்கலுக்கு என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தான். கனுப்பொங்கல் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "அண்ணே, என் எமரால்டு இருக்கா?" என்றான். 2007-ல் பிரவுசிங் சென்டரில் ஆரம்பித்து, பென் டிரைவில் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக மாறி வந்த ஆட்டம் அது. ட்ரீக்கோ என்ற குட்டிப் போகிமானாக எடுத்ததை செப்டைலாக வளர்த்து, நூறாவது லெவல் வரைக்கும் கொண்டுபோயிருந்தான். "இல்லாம எங்க போகும்" என்று நான்தான் திறந்து கொடுத்தேன்.

தலைப்புப் படம் வந்தது. பட்டனைத் தட்டினான். மேலே 'கண்டினியூ' இருக்க வேண்டிய இடத்தில் 'நியூ கேம்' இருந்தது. அதற்குக் கீழே 'ஆப்ஷன்'. அவ்வளவுதான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, கரும்பை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தான். திட்டியிருந்தால் தேவலை.

அந்த சேவ் ஃபைலின் எடை 128 கே.பி. வாட்ஸப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படத்தின் அளவு. அதற்குள் அந்த டிஸ்க்கில் மூன்று மாதம் வேறு என்னென்னவோ எழுதியாயிற்று. மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்ததில் துண்டும் துணுக்குமாக வந்தது, ஒன்றும் உருப்படியில்லை.

சேதம் அதோடு நிற்கவுமில்லை. காண்ட்ரா என்று ஒரு துப்பாக்கி கேம். அடைப்புக்குறியை வெட்டினால் ஜப்பான் காண்ட்ராவும் அமெரிக்கக் காண்ட்ராவும் ஒரே பெயருக்கு வந்துவிடும். நான் வைத்திருந்தது லினக்ஸ், அதில் பெயர் மாற்றும் 'எம்.வி.' கட்டளை 'ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே' என்று கேட்காது, மேலேயே எழுதிவிடும். எழுதிவிட்டது. இரண்டும் ஒன்றுதானே, ஒன்று போனால் என்ன என்று கேட்பவர்கள் இரண்டையும் ஆடிப் பார்த்ததில்லை. ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்கு வந்த பதிப்பில் ஸ்டேஜுக்கு முன் வரைபடம் வரும், காட்டில் மரம் அசையும், பனி ஸ்டேஜில் பனி கொட்டும். கேமை வெளியிட்ட கொனாமி அந்தப் பதிப்புக்கென்று தன் சொந்த சிப்பைப் போட்டிருந்தது. அதே 1988-ல் வந்த அமெரிக்கப் பதிப்பில் இதெல்லாம் கிடையாது. ஐரோப்பாவுக்குப் போனபோது பெயரே 'ப்ரோபோடெக்டர்'. மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களைப் போட்டுவிட்டார்கள். அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த நாலு எழுத்துதான் இத்தனையையும் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஐரோப்பியப் பதிப்புகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் டிவிக்குச் சரிசெய்யாமல் அப்படியே விட்ட கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 'சின்ன வயசுல வேகமா இருந்துச்சே, எனக்கு வயசாயிடுச்சா' என்று சந்தேகப்படுகிறவர்கள் முதலில் அடைப்புக்குறியைப் பாருங்கள்.

ஆகவே, மென்பொருள் எழுதுகிறவரிடம் 'பெயரைச் சுத்தம் செய்து கொடு' என்று கேட்காதீர்கள். 'திரையில் காட்டுகிற பெயரைத் தனியாக வை, ஃபைலைத் தொடாதே' என்று கேளுங்கள். திரையில் வெறும் 'காண்ட்ரா' என்று இருக்கட்டும், 'தோட்டா கேம்' என்றுகூட இருக்கட்டும், தகவல்தளத்தில் ஒரு வரிதானே. ஃபைல் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்றால், முதலில் பழைய பெயர், புதுப் பெயர் என்று இரண்டு பத்தியாகக் காட்டி, மோதுகிற பெயர்களைச் சிவப்பில் காட்டட்டும். சேவ், ஸ்டேட் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்), அட்டைப்படம் எல்லாம் ரோமோடு சேர்ந்தே நகரட்டும். செய்ததை அப்படியே திருப்புகிற வசதி இருக்கட்டும். அழிப்பது என்றால் அழிக்காமல் ஒரு தனி ஃபோல்டருக்குத் தள்ளி, ஒரு மாதமாவது கிடக்கட்டும். இந்த நாலும் இல்லாத 'ஒரே கிளிக்' பட்டனைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது.

நீடாமங்கலத்துப் பையன் முதல் பாதியை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டிருந்தான், வேறொரு மென்பொருளை வைத்து. நல்லவேளை, இரண்டாவது பாதிக்குத்தான் என்னிடம் வந்திருந்தான். சேவ் ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் வெறும் எண்களே பெயராக மாற்றி வைத்திருந்தான். இருட்டும்வரை உட்கார்ந்து பொருத்தினோம். எமரால்டு ஓடும் கைப்பெட்டியான கேம்பாய் அட்வான்ஸின் சேவ் என்றால் அளவே பாதி விடை சொல்லும்: 8 கே.பி., 32, 64, 128 என்று கேமுக்குக் கேம் மாறும். மீதிக்கு ஒவ்வொன்றாகப் போட்டு, 'கண்டினியூ' வருகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். ஹரித்ராநதி வடகரையில் கொசுக்கடிக்கு நடுவில் அதைச் செய்து பாருங்கள்.

ஹாஷ் பொருந்தவில்லை என்றால் ரோம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது

வயலுக்கு சர்வே நம்பர் என்று சொன்னேனே, ஃபைலுக்கு அது இந்த ஹாஷ்தான், ஃபைலுக்குள் இருப்பதைக் கணக்கிட்டு எடுக்கிற எண். சி.ஆர்.சி.32, எஸ்.எச்.ஏ.-1 என்று பல வகை. உள்ளே ஒரு பைட் மாறினாலும் எண் மாறிவிடும். அதனால் 'பட்டியலில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை, தூக்கிப்போடு' என்று பலர் நல்ல டம்ப்பையே, அதாவது கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த நல்ல நகலையே, அழித்துவிடுகிறார்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கோடு போட்ட எடையையும் சாக்கு கழித்த எடையையும் ஒப்பிட்டு யாராவது சண்டை போடுவார்களா? போடுவார்கள், ஆனால் அது கணக்கில் சேராது. நின்டெண்டோவின் என்.ஈ.எஸ். ரோமில் முன்னால் 16 பைட் தலைப்பு ஒட்டியிருக்கும். அது கார்ட்ரிட்ஜில் இருந்ததல்ல. எமுலேட்டருக்காகப் பின்னால் சேர்த்தது. சூப்பர் நின்டெண்டோவின் பழைய டம்ப்புகள் சிலவற்றில் 512 பைட். அதைக் கழித்துவிட்டு ஹாஷ் எடுக்கிற மென்பொருளாகப் பாருங்கள். உங்களுடையது கழிக்கவில்லை என்றால், கேட்க வேண்டிய வசதி அதுதான்.

ஸ்டேட் இருக்கிறதே, சேவ் எதற்கு?

ஸ்டேட் என்பது எமுலேட்டரின் நினைவை அப்படியே படம் எடுத்து வைப்பது. எமுலேட்டரை மாற்றினால் திறக்காது; சிலசமயம் அதே எமுலேட்டரின் அடுத்த பதிப்பிலேயே திறக்காது. கேமுக்குள் போய் சேவ் செய்தது மட்டும்தான் பத்து வருடம் கழித்தும் பேசும். பல எமுலேட்டர்களை ஒன்றாக வைத்து ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் அது 'எஸ்.ஆர்.எம்.' என்று முடியும். இரண்டையும் ஒரே ஐகானில் காட்டுகிற லைப்ரரிகள்மேல் எனக்குத் தீராத கோபம்.

மேம் (ஆர்கேட் கேம் எமுலேட்டர்) ஜிப்பை விரிப்பது

விரிக்காதீர்கள்.

பெயரையும் மாற்றாதீர்கள். 'பேக்மேன்' ஜிப் வேலை செய்ய 'பக்மேன்' ஜிப்பும் தேவைப்படலாம், பக்மேன் தாய், பேக்மேன் பிள்ளை. தாயை 'டூப்ளிகேட்' என்று நீக்கினால் பிள்ளை படுத்துவிடும்.

டிஸ்க் கேமில் மூன்று டிஸ்க்கை மூன்று கேமாகப் போடுவது

பிளேஸ்டேஷனின் ஃபைனல் ஃபேன்டசி 7 மூன்று டிஸ்க். 'எம்3யூ' என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் மூன்றையும் வரிசையாக எழுதி, அதை மட்டும் லைப்ரரியில் காட்டுங்கள். டிஸ்க்கின் நகல் 'பின்' ஃபைல், அதன் கூடவே வரும் குறிப்பு 'க்யூ' ஃபைல். 'க்யூ'வுக்குள் 'பின்' ஃபைலின் பெயர் எழுதியிருக்கும், அதனால் இங்கேயும் பெயர் மாற்றம் ஆகாது. திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் வருகிறேன், என்ன செய்ய.

அடையாளம் தெரியாததைக் குப்பை என்று நினைப்பது

நம் ஊரில் நாம் ஆடியது ஒரிஜினல் ஃபேமிகாமே இல்லை. 1983-ல் ஜப்பானில் வந்த அந்தப் பெட்டியின் நகல்கள், அதில் செருகுகிற மஞ்சள், சிவப்புக் கார்ட்ரிட்ஜ்கள். '9999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில டஜன் கேம்தான், மீதியெல்லாம் அதே கேம் வேறு ஸ்டேஜிலிருந்தோ வேறு துப்பாக்கியோடோ ஆரம்பிக்கும். இவற்றில் பலவற்றை எந்தப் பட்டியலும் அடையாளம் சொல்லாது. தானியங்கித் தேடல் 'அன்நோன்' என்று ஒதுக்கும், நீங்களும் ஒதுக்கிவிடுவீர்கள்.

எனக்கு அவைதான் லைப்ரரியின் உயிர். அதற்கென்று ஒரு தனி அலமாரி, கையால் பெயர் எழுத இடம், லேபிளின் ஃபோட்டோ வைக்க இடம், கூடவே மாற்றுப் பெயர் தேடல். 'பேட்டில் சிட்டி' என்று எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது, 'டேங்க் கேம்' என்றால்தான் தெரியும். தமிழில் 'டேங்க்' என்று தட்டினால் அது வர வேண்டும்.

60 பின், 72 பின்

கார்ட்ரிட்ஜ் செருகுகிற இடத்தில் நம் ஊர்ப் பெட்டிக்கு 60 பின். அமெரிக்கக் கார்ட்ரிட்ஜுக்கு 72. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் வாங்கிவரச் சொல்வதற்கு முன்னால் அடாப்டருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு காப்பியும் ஒரே வீட்டில்

2018 நவம்பர் 16, விடிவதற்குள் கஜா. ஓடு பறந்தது, அலமாரிமேல் தண்ணீர் கொட்டியது. ஒரிஜினலும் பேக்கப்பும் அதே அலமாரியில். கரண்ட் வர நாள் கணக்கில் ஆனதால், போட்டுப் பார்த்து அழுவதற்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்று பிழைத்தது. இப்போது இரண்டாவது காப்பி திருச்சியில் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில்.

எண்ணிக்கை

பத்தாயிரம் கேம் வைத்திருக்கிறேன் என்பவர் ஆடுவது மாரியோ.

பையனின் பட்டியலில் முதல் வரிக்குப் பெயர்ப் பத்தியைத் தனியாகக் கொடுத்தேன். இரண்டாவது வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். "அண்ணே, அது இருந்தாத்தானே வேலை சுலபம்" என்று பஸ் ஏறும்வரை முனகிக்கொண்டே போனான். மூன்றாவது வரி டார்க் மோடு. அதை மட்டும் அன்று ராத்திரியே போட்டு அனுப்பிவிட்டேன்.