கவுண்டரில் சொல்வதைப் பக்கத்தில் எழுதுங்கள்: ஊர் ஸ்போர்ட்ஸ் கடைக்கு ஓர் இணையக் கடை

கடைக்கு வரும் ஒருவர் "ஷட்டில் பேட் இருக்கா?" என்று கேட்டால், எந்த ஸ்போர்ட்ஸ் கடைக்காரரும் உடனே பேட்டை எடுத்து நீட்டுவதில்லை. விளையாடப் போவது யார், மொட்டை மாடியிலா உள்ளரங்கிலா, கையில் ஏற்கெனவே என்ன பேட் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவார். அந்த மூன்று கேள்விதான் கடையின் மூலதனம். அதே பேட்டைப் பெரிய இணைய நிறுவனங்கள் நமது கொள்முதல் விலைக்கும் கீழே விற்பதைப் பார்த்து மனம் சோர்ந்துபோகும் கடைக்காரர்கள், அந்தக் கேள்விகளை அந்த நிறுவனங்கள் கேட்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். கோவில்பட்டி போன்ற ஊரில் இயங்கும் ஒரு நடுத்தரக் கடை தன் இணையக் கடையை எப்படித் தொடங்கலாம் என்பதை இந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

எதை முதலில் ஏற்றுவது

கடையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலான முயற்சிகளை ஆறாவது வாரத்தில் முடக்கிப்போடுகிறது. முதலில் 40 பொருள்கள் போதும். அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது, எங்கும் கிடைக்கும் சாதாரண பந்துகளையும் ஸ்கிப்பிங் கயிறுகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, உங்கள் ஊருக்கும் உங்கள் அனுபவத்துக்கும் உரியவற்றை முன்னால் வையுங்கள். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்போன ஊர். மண் மைதானத்துக்கு மர ஸ்டிக் போதும், செயற்கைப் புல் மைதானத்துக்குக் காம்போசிட் ஸ்டிக் வேண்டும் என்பதை விளக்கிச் சொல்லத் தெரிந்த கடைகள் நாட்டில் அதிகம் இல்லை.

அதேபோல், கிரிக்கெட் பேட் மீரட்டிலிருந்தும் பந்து வகைகள் ஜலந்தரிலிருந்தும் எல்லோருக்கும்தான் வருகின்றன. சிலம்பக் கம்பும் கர்லாக்கட்டையும் அங்கிருந்து வருவதில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பெங்களூரிலோ மும்பையிலோ பிள்ளையைச் சிலம்பம் வகுப்புக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பம், நெற்றி உயரத்துக்கு நல்ல பிரம்புக் கம்பு எங்கே கிடைக்கும் என்று தேடினால் உங்கள் பக்கம் கண்ணில் பட வேண்டும்.

இன்னொரு முன்னெச்சரிக்கையும் உண்டு. சில பிராண்டுகள் தங்கள் டீலர்கள் இணையத்தில் விற்பதற்குத் தனி அனுமதி கேட்கின்றன. ஆகவே பொருளை ஏற்றுவதற்கு முன் உங்கள் விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வரியும் சட்டமும்

தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்பது பலருக்கும் தெரியும். ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் அந்த வரம்பு பொருந்தாது என்பதும், விற்றுமுதலில் ஒரு சிறு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் மாநிலத்துக்கு வெளியே விற்கவே முடியாது என்பதும் பலருக்கும் முதல் ஆர்டர் ஓசூரைத் தாண்டி வந்த பிறகுதான் தெரியவருகிறது. எனவே, இணையக் கடையைத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் நடத்தப் போகிறீர்களா, இந்தியா முழுவதும் அனுப்பப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பப் பதிவை மாற்றிக்கொள்ள உங்கள் ஆடிட்டரிடம் பேசுங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்று தீர்மானித்தால், பணம் செலுத்தும் பக்கத்தில் பிற மாநில பின்கோடுகளை ஏற்காதபடி அமைத்துவிட வேண்டும்.

வரி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் மாறின. கிரிக்கெட், ஹாக்கி, பூப்பந்து போன்ற விளையாட்டுப் பொருள்களுக்கு முன்பிருந்த 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. பொதுவான உடற்பயிற்சிக் கருவிகளுக்கு 18 சதவீதமே தொடர்கிறது. ஷூ ஜோடி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. பழைய பில்லிங் மென்பொருளிலிருந்து பட்டியலை அப்படியே இறக்கி ஏற்றுபவர்கள் 12 சதவீதம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பவரின் பெயர் ஆகியவை பக்கத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வரும் புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பாக்கெட்டில் அடைத்து வரும் பொருள்களுக்கு எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் விவரம், எந்த நாட்டில் தயாரானது என்பவற்றையும் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். குறைதீர்ப்பவர் நீங்களேதான் என்பதால் இதில் மலைக்க ஒன்றுமில்லை.

எந்தத் தளம்

இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். முதல் இரண்டு மாதம் வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியின் கேட்டலாக் வசதியே போதுமானது. அதில் 500 பொருள்கள் வரை இலவசமாக ஏற்றலாம். வாரத்துக்குப் பத்து ஆர்டராவது வரத் தொடங்கினால் மாதக் கட்டணம் உள்ள ஷாப்பிஃபைக்கோ, வேர்ட்பிரஸ்ஸில் இயங்கும் வூகாமர்ஸுக்கோ மாறலாம். முன்னதில் பராமரிப்புத் தொல்லை குறைவு. பின்னதில் மென்பொருள் இலவசம், ஆனால் ஏதாவது பழுதானால் சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். தளம் கட்டித் தருபவரின் பெயரில் டொமைன் இருந்தால், அவரோடு பிணக்கு வரும் நாளில் கடையின் பெயர்ப்பலகையே அவர் கையில் இருக்கும்.

பொருளின் பக்கம்

கவுண்டரில் நின்று பேசுவதை எழுத்தில் கொண்டுவரும் இடம் இதுதான். உங்கள் உழைப்பில் பாதி இங்கே போக வேண்டும். தலைப்பில் வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்லே இருக்கட்டும். "இறகுப்பந்து மட்டை" என்று எழுதினால் தமிழாசிரியர் மகிழ்வார், ஆனால் தேடுபவர் "ஷட்டில் பேட்" என்றுதான் தட்டுவார். ஸ்டம்பர் பால், கார்க் பால், கேரம் போர்டு என்று மக்கள் சொல்வதையே தலைப்பில் வைத்து, தூய தமிழ்ப் பெயரை விளக்கத்தில் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கம் எழுதும்போது தயாரிப்பாளரின் வாசகத்தைப் படியெடுக்க வேண்டாம். அந்தப் பொருளைப் பற்றி வாடிக்கையாளர் உங்களிடம் உண்மையில் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் நோட்டில் குறித்து வைத்து, அவற்றுக்கான பதிலையே விளக்கமாக எழுதுங்கள். ஷட்டில் காக்கை எடுத்துக்கொள்வோம். இறகு காக் டப்பாவின் மேல் 76, 77 என்று எண் இருக்கும்; அது அதன் வேகம், எண் குறைந்தால் மெது. வெயில் கூடக் கூடக் காக் வேகமாகப் பறக்கும் என்பதால், நம் பக்கத்துக் கோடைக்கு 76 பொருந்தும். நைலான் காக்கில் பச்சைப் பட்டை மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். இந்த நான்கு வரியைத் தமிழில் எழுதி வைத்திருக்கும் கடையைத் தேடி, காக் முடிந்ததும் அதே வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

கிரிக்கெட் பேட்டில் அளவுதான் சிக்கல். "வளரும் பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசாகவே குடுங்க" என்று பள்ளிச் சீருடை வாங்கும் கணக்கில் பேட் வாங்கும் அப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கனமான பேட்டைத் தூக்க முடியாத பையன், கீழ்க்கையால் இழுத்து அடிக்கப் பழகி, பிறகு அந்தப் பழக்கத்தை விட முடியாமல் தவிப்பான். ஷார்ட் ஹேண்டில் என்ற பெரியவர் அளவு ஏறக்குறைய ஐந்தரை அடிக்கு மேல் உயரம் உள்ளவருக்கு உரியது, அதற்குக் கீழே ஹேரோ, 6, 5 என்று அளவுகள் இறங்கும் என்பதைச் சொல்லி, வயதைக் கேட்காமல் உயரத்தைக் கேட்கும் ஒரு சிறு அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள்; அட்டவணை அந்தந்தத் தயாரிப்பாளருடையதாக இருக்கட்டும்.

இங்கிலீஷ் வில்லோ என்ற மரத்தில் செய்த விலை கூடிய பேட்டுகள் ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. ஆகவே ஒவ்வொரு பேட்டையும் தனிப் பொருளாக ஏற்ற வேண்டும்: முகப்பில் எத்தனை ரேகைகள் ஓடுகின்றன என்று தெரியும்படி ஒரு படம், பக்கவாட்டில் விளிம்பின் தடிமனுக்கு ஒரு படம், தராசின் மேல் வைத்து 1,160 கிராம் என்று எண் தெரியும்படி ஒரு படம். படம் எடுக்க ஸ்டுடியோ தேவையில்லை. காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் கடை வாசலுக்கு உட்புறமாக ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை வளைத்து ஒட்டி, பொருளை அதன்மேல் வைத்துக் கைப்பேசியிலேயே எடுக்கலாம். பிறர் தளத்துப் படங்களை எடுத்துப் போடுவது உரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பது ஒருபுறம் இருக்க, எல்லாத் தளத்திலும் உள்ள அதே படத்தைப் பார்ப்பவர் விலையை மட்டும்தான் ஒப்பிடுவார்.

பார்சலில்தான் லாபம் இருக்கிறது

கூரியர் நிறுவனங்கள் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. அடைக்கும் இடத்துக்கும் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணையும், தராசு காட்டும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது பரவலான வழக்கம். காற்றடித்த 5ஆம் எண் கால்பந்தை 23 செ.மீ. சதுரப் பெட்டியில் வைத்தால், அரைக் கிலோகூட இல்லாத பந்துக்கு 2.43 கிலோ கணக்காகும். அதே பந்தின் காற்றை இறக்கி 25, 22, 9 செ.மீ. பெட்டியில் வைத்தால் 0.99 கிலோதான்.

இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். வரியைத் தனியே வைத்துவிட்டு, 520 ரூபாய்க்கு வாங்கிய பந்தை 700 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். மிச்சம் 180. பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதக் கட்டணமும் அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத வரியும் எடுத்தால் 16.50 போகும், பெட்டி, டேப் 20, ஒரு கிலோ கூரியர் 70 என்றால் கையில் 73.50 நிற்கும். காற்றோடு அனுப்பி, 2.43 கிலோவை மூன்றாக உயர்த்திக் கணக்கிட்டு மூன்று கிலோவுக்கு 150 கட்டினால் ஆறரை ரூபாய் நஷ்டம். பந்து ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். காற்றை இறக்காததுதான் தவறு. ஆனால் முழுக்க உறிஞ்சி மடித்துவிடக் கூடாது; உள்ளே பிளாடர் மடிந்த இடத்தில் தேயும். ஒரு பக்கம் கிண்ணம்போல் குழியும் அளவுக்கு இறக்கி, கூடவே ஓர் ஊசியையும், எவ்வளவு காற்றடிக்க வேண்டும் என்ற துண்டுச் சீட்டையும் வையுங்கள். ஊசியை எச்சிலால் நனைத்துச் செருகும் ஊர்ப் பழக்கத்துக்குப் பதிலாக ஒரு சொட்டுக் கிளிசரின் போடலாம் என்று அந்தச் சீட்டிலேயே எழுதிவிடலாம்.

கேரம் போர்டு வேறு கதை. ஆடும் பரப்பு மட்டும் 74 செ.மீ. சதுரம்; சட்டமும் பேக்கிங்கும் சேர்ந்து 92 செ.மீ. சதுரமும் 8 செ.மீ. தடிமனும் ஆனால், தராசில் பத்துக் கிலோ காட்டும் பலகைக்கு 13.5 கிலோவுக்கு மேல் கணக்காகும். நாங்கள் முதன்முதலில் அனுப்பிய போர்டு, ஒரு மூலை நசுங்கி, சட்டம் பிளந்து போய்ச் சேர்ந்தது. கூரியர்காரர் பேக்கிங் சரியில்லை என்றார், வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார், இரண்டு பக்க வாடகையும் எங்கள் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு நான்கு மூலைகளுக்கும் தெர்மாகோல் கட்டை வைத்து, இரண்டு அடுக்கு அட்டை சுற்றி, கூரியரை விட்டுவிட்டுப் பஸ் பார்சலிலோ லாரி சர்வீஸிலோ அனுப்பி, வாங்குபவர் அலுவலகத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்துக்கொண்டோம். முழு நீளச் சிலம்பக் கம்புக்கும் ஈட்டிக்கும் இதே வழிதான். இந்த ஏற்பாட்டைப் பொருளின் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பணம் கட்டிய பிறகு சொன்னால் அது சண்டையில்தான் முடியும்.

பணமும் திருப்புதலும்

பொருளைக் கையில் வாங்கிப் பணம் தரும் முறையை முற்றிலும் மறுக்க முடியாது. அதை அப்படியே ஏற்கவும் கூடாது. கதவைத் தட்டும்போது "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் போக வர இரண்டு கட்டணமும் கடையைச் சேரும். 100 அல்லது 150 ரூபாயை யு.பி.ஐ. வழியாக முன்பணமாகப் பெற்று, மீதியை வீட்டில் வாங்கிக்கொள்வது நடைமுறையில் ஒத்துவருகிறது. வெறும் விளையாட்டுக்கு ஆர்டர் போடுபவர்கள் இதிலேயே விலகிவிடுவார்கள்.

எதைத் திருப்பி வாங்குவீர்கள், எதை வாங்க மாட்டீர்கள் என்பதைப் பொருள் வாரியாக எழுதுங்கள். கேட்ட இழுவிசையில் நரம்பு கட்டிக்கொடுத்த ஷட்டில் பேட், பந்து பட்ட வில்லோ, மைதானத்தில் மிதித்த ஸ்பைக்ஸ் ஆகியவை அளவோ விருப்பமோ மாறியதற்காகத் திரும்பி வரக் கூடாது. ஆனால் தயாரிப்புக் குறை இருந்தால் அந்தக் கட்டுப்பாடு செல்லாது. ஷூ அளவுக்கு, பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டு அதைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாற்றித் தரக் கேட்டு வரும் தொல்லையில் பெரும்பகுதி அந்தத் தாளோடு நின்றுவிடும்.

திறந்த பிறகு

ஒரே சரக்கு கடையிலும் இணையத்திலும் விற்பனைக்கு இருக்கும். சனிக்கிழமை மாலை கவுண்டரில் விற்ற கடைசி ஸ்டிக்கை ஞாயிறு காலை இணையத்தில் இன்னொருவர் வாங்கிவிடுவார். ஆரம்பத்தில் இணையத்துக்கென ஒரு தனி அலமாரியை ஒதுக்கி, அதிலிருப்பதை மட்டும் தளத்தில் காட்டுவதே எளிது. மென்பொருள் இணைப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளிகளுக்குத் தனிப் பக்கம் ஒன்று அவசியம். பி.இ.டி. சார் ஒருவர் பத்துக் கைப்பந்து, இரண்டு வலை, பன்னிரண்டு ஜெர்சி என்று மொத்தமாகக் கேட்பார். அவருக்கு வேண்டியது கூடையில் போடும் பொத்தான் அல்ல, தலைமையாசிரியரிடம் நீட்டத்தக்க, ஜி.எஸ்.டி. எண்ணும் முத்திரையும் உள்ள கொட்டேஷன். பட்டியலை எழுதி அனுப்ப ஒரு படிவமும், அன்று மாலைக்குள் கொட்டேஷன் வரும் என்ற உறுதியும் அங்கே இருந்தால் போதும்.

திறப்பு நாளைப் பருவம் பார்த்து வையுங்கள். ஏப்ரல், மே கோடைப் பயிற்சி முகாம்களுக்கு ஷூவும் பேட்டும் போகும். பள்ளி திறந்து, பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகள் தொடங்கும்போது வலை, பந்து, தடகளப் பொருள்கள் போகும். பொங்கலுக்குக் கிராமத்துக் கபடிக் குழுக்களும் கிரிக்கெட் குழுக்களும் ஜெர்சிக்கும் கோப்பைக்கும் வருவார்கள். பெயரும் எண்ணும் அச்சிட்டுத் தர வேண்டிய ஜெர்சி ஆர்டரை ஜனவரி 5ஆம் தேதிக்கு மேல் ஏற்பதில்லை என்று டிசம்பர் தொடக்கத்திலேயே முகப்பில் போட்டுவிடுங்கள். அப்படிப் போட்டாலும், போகி அன்று காலை யாராவது ஒரு கேப்டன் பதினோரு பெயர்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பத்தான் செய்வார்.