ராத்திரியை இரண்டாகப் பிரியுங்கள்

குழந்தை மணிக்கொரு தடவை அழுது எழும் வீட்டில் அம்மா, அப்பா இரண்டு பேருமே விழித்துக் கிடப்பதில் பயனில்லை. 9 மணியிலிருந்து 2 மணி வரை ஒருவர், அப்புறம் விடியும்வரை இன்னொருவர் என்று பிரித்துக்கொண்டு, முறை இல்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள். இடையில் கலையாத நாலைந்து மணி நேரத் தூக்கம் உடம்பைத் தேற்றும். தாய்ப்பால் என்றால் முன்பே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். கண் சொருகும்போது குழந்தையோடு சோபாவில் மட்டும் சாயவே சாயாதீர்கள், இடுக்கில் சிக்கி மூச்சு முட்டிவிடும். அழுகை தாங்காமல் கை நடுங்குகிறதா? குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள், ஒருபோதும் குலுக்காதீர்கள். குழந்தைக்குத் தினமும் குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், எடை ஏறாமை இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.