ஐரோப்பிய கவுன்சில்ல எந்தத் தலைவர் எந்தக் கட்சிப் பக்கம்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

ஐரோப்பிய யூனியன் உச்சி மாநாடு, அதாவது 27 நாட்டுத் தலைவர்களும் உட்கார்ற ஐரோப்பிய கவுன்சில் கூட்டம் பத்தி நியூஸ் வந்தாலே "வலதுசாரிங்க கை ஓங்கிடுச்சு"ன்னு எழுதிடுறாங்க. நீங்களே 27 நாட்டுக்கும் ஒரு ஷீட் போட்டுப் பாருங்க, நிலவரம் தெளிவா புரியும்.

முதல்ல கூட்டத்துல உட்கார்றது யாருன்னு எழுதுங்க. பெரும்பாலும் பிரதமர்தான், ஆனா பிரான்ஸ், சைப்ரஸ், லிதுவேனியா, ருமேனியாவுக்கு அதிபர் வருவாரு. கூட்டணி ஆட்சின்னாலும் கவுன்சில்ல வந்து உட்கார்றவரோட கட்சிதான் கணக்கு.

அடுத்து அந்தக் கட்சி ஐரோப்பா அளவுல எதோட சேர்ந்திருக்குன்னு பாக்கணும், மக்கள் கட்சியா, சோசலிஸ்டா, லிபரலா, இத்தாலியோட மெலோனி இருக்கிற கன்சர்வேடிவா, இல்ல தீவிர வலதுசாரி பேட்ரியாட்ஸா. இங்கதான் ரொம்ப பேரு சறுக்குறாங்க, ஏன்னா கட்சிப் பேரை வச்சே முடிவு பண்ணிடுறாங்க. போர்ச்சுகல்ல 2024-ல பிரதமரான மாண்டினீக்ரோவோட கட்சிப் பேரு சமூக ஜனநாயகக் கட்சி, பேரைக் கேட்டா இடதுசாரின்னு தோணும், ஆனா அது சேர்ந்திருக்கிறது வலது-மையத்துல இருக்கிற மக்கள் கட்சியோட. லிதுவேனியாவோட நௌசேடா மாதிரி கட்சி சாராதவங்களை வலுக்கட்டாயமா எதுலயும் திணிக்காதீங்க, தனி நெடுவரிசை (column) போடுங்க.

தேதி கண்டிப்பா போடணும், இதை விட்டா ஷீட்டே வேஸ்ட். அயர்லாந்துல 2022 டிசம்பர்ல தேர்தலே நடக்கல, கூட்டணி ஒப்பந்தப்படி மீஹால் மார்ட்டின் இறங்கி வரத்கர் பிரதமரானாரு, அவ்ளோதான், லிபரல் கணக்குல இருந்த நாடு மக்கள் கட்சி கணக்குக்குப் போயிடுச்சு. ஹங்கேரியோட ஃபிடெஸ் 2021-ல மக்கள் கட்சியை விட்டு வெளிய வந்துச்சு, செக் நாட்டு ஆனோ கட்சி 2024-ல லிபரல்களை விட்டு பேட்ரியாட்ஸ் பக்கம் போயிடுச்சு.

தலையை மட்டும் எண்ணி நிறுத்திடாதீங்க, மக்கள்தொகைக்கும் ஒரு நெடுவரிசை வேணும். அங்க பெரும்பாலும் ஒருமித்த முடிவுதான், ஆனா பெரிய பதவிக்கு ஆள் போடுறப்போ 72 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் இருந்தாப் போதும். 55 சதவீத நாடுகள் போதும்ங்கிற கணக்கு, யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முன்மொழியுற விஷயத்துக்குத்தான். 2024 ஜூன்ல மக்கள் கட்சி, சோசலிஸ்ட், லிபரல் மூணு பக்கமும் பேசி முடிச்சுத்தான் கவுன்சில் தலைவருக்கு கோஸ்டா, ஆணையத் தலைவருக்கு வான் டெர் லையன், வெளியுறவுப் பொறுப்புக்கு காயா கல்லாஸ்னு பேரைக் கொண்டு வந்தாங்க, மெலோனி கோஸ்டாவையும் கல்லாஸையும் எதிர்த்து ஓட்டுப் போட்டும் அது நிக்கல.