வார்பர்க் பெயரைச் சொல்லிச் செய்யும் உணவுத் தவறுகள்

"1931-இல் நோபல் பரிசு வாங்கிய ஜெர்மன் விஞ்ஞானி புற்றுநோயின் காரணத்தை அப்போதே கண்டுபிடித்துவிட்டார். மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன." இப்படித் தொடங்கும் வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். சர்க்கரையை அடியோடு நிறுத்து, எலுமிச்சைத் தண்ணீர் குடி, கட்டி தானாகக் கரையும் என்று அது முடியும். அந்த விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க். ஆள் நிஜம், பரிசும் நிஜம். மற்றதில்தான் வில்லங்கம்.

பரிசையே எடுத்துக்கொள்வோம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சுவாச நொதி எப்படிப்பட்டது, எப்படி வேலை செய்கிறது என்று கண்டறிந்ததற்காகக் கொடுத்தது அது; புற்றுநோய்க்காக இல்லை. 1944-இல் இரண்டாவது நோபலும் கிடைத்தது, ஹிட்லர் வாங்க விடவில்லை என்றொரு கதையும் சுற்றுகிறது. நோபல் அறக்கட்டளையே அதை மறுத்துவிட்டது.

புற்றுநோய் பற்றிய அவருடைய பெரிய வேலை 1920-களில் பெர்லினின் டாலெம் பகுதியில் நடந்தது. எலியின் கட்டியை அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவல்களாக அறுத்து, குளுக்கோஸ் கரைசல் உள்ள சின்னக் குடுவையில் போடுவார். குடுவையோடு இணைந்த வளைந்த கண்ணாடிக் குழாயில் திரவ மட்டம் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார். திசு ஆக்சிஜனை இழுத்தால் உள்ளே அழுத்தம் குறையும், மட்டம் நகரும். கட்டியின் சீவலோ விநோதமாக நடந்துகொண்டது. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் குளுக்கோஸைப் பாதியிலேயே உடைத்து, லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளியது. ஒரு குளுக்கோஸில் ஏறக்குறைய 30 ஏடிபி (செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) எடுக்க வழியிருக்க, 2 போதும் என்கிற போக்கு. அதனால்தான் அது குளுக்கோஸை அள்ளி விழுங்குகிறது. கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை உடலில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் இதனால்தான்.

இங்கிருந்து "அப்போ சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் சாகும்" என்று ஒரே தாவாகத் தாவுவதுதான் முதல் தவறு. அதே பெட் ஸ்கேனில் மூளையும் பளிச்சென்றுதான் தெரியும். சாப்பிடாமல் இருந்தாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டிக்கும் குளுக்கோஸ் ஒன்றே கதி என்றில்லை. குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும்கூட எடுத்துக்கொள்ளும்.

சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுற்றுவழியில். இனிப்புப் பானங்கள் எடையைக் கூட்டும். எடை கூடினால் இன்சுலினும் கூடும், உடலில் அழற்சியும் கூடும். 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, அதிக உடல் கொழுப்போடு தொடர்புடையவை என்று 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. நோய் வருமுன் எடையைக் கவனிப்பதற்கு இது நல்ல காரணம். நோய் வந்து கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது சோறு, இட்லி, பழம் எல்லாவற்றையும் நிறுத்துவது வேறு விஷயம். தசை கரையும், எடை சரியும், சிகிச்சையைத் தாங்கும் தெம்பு போய்விடும். என் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு இதுதான். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவும் அப்படியே. 2018-இல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வில், குறிப்பிட்ட ஒரு வகை மருந்தோடு சேர்ந்தபோது அது உதவியது. மருந்தில்லாமல் கீட்டோ மட்டும் கொடுத்த ரத்தப் புற்று எலிகளிலோ நோய் வேகமெடுத்தது.

எலுமிச்சைத் தண்ணீர் ரத்தத்தின் அமிலத்தன்மையை மாற்றிவிடும் என்பதற்கு ஒரு வரி போதும்: அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை, ரத்தத்தில் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்து வைத்திருக்கின்றன, நீங்கள் என்ன குடித்தாலும்.

கடைசியாக, நோபல் வாங்கியவர் சொன்னால் எல்லாம் சரி என்று நம்பும் தவறு. செல்லின் சுவாசம் கெடுவதே புற்றுநோயின் மூலம் என்று வார்பர்க் உறுதியாக நம்பினார். கட்டிச் செல்களின் சுவாசம் பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் சிட்னி வெய்ன்ஹவுஸ் 1956-இல் மறுத்தார். மரபணு மாற்றங்களே அடிப்படை என்பது பிறகு தெளிவானது. வார்பர்க் அசரவில்லை. 1966-இல், 82 வயதில், நோபல் பரிசு பெற்றவர்கள் கூடும் ஜெர்மனியின் லிண்டாவ் கூட்டத்தில் பேசும்போது, இரும்பு உப்பையும் சில பி வைட்டமின்களையும் உணவில் சேர்த்தால் புற்றுநோயைத் தடுக்கலாம் என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்துக்கும் இப்படியொரு நியாயம் இருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து அதைச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, தினம் 20 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. கேரட்டையோ கீரையையோ இதற்காக ஒதுக்க வேண்டாம், பிரச்சினை மாத்திரையில்தான். வீட்டில் புகைபிடிப்பவர் யாராவது இருந்தால், அவர் விழுங்கும் 'ஆன்டிஆக்சிடன்ட்' டப்பாவின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பி, பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று பாருங்கள்.