பீஜியின் கதையைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை வகுப்பு எடுக்கிறேன். வருவது பெரும்பாலும் பால்மரத் தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். பசிபிக் தீவுகளின் வரலாற்றுக்குள் இவர்களை அழைத்துப் போக பீஜிதான் நல்ல வாசல். ஆனால் நம் ஆட்கள் பீஜி என்றதும் நேரே கரும்புத் தோட்டத்துக்குள் போய்க் கண்ணீர் வடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கேட்கிற பிள்ளை அதை ஆளில்லாத தீவு என்று நினைத்துக்கொள்ளும்.

அதனால் இந்தியக் கூலிகளை ஏற்றிவந்த கப்பலை முதல் வகுப்பில் கொண்டுவராதீர்கள். முதலில் பீஜியின் பூர்வகுடிகளான ஈத்தௌக்கெய் மக்கள். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே தோணியில் வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். 1874 அக்டோபர் 10 அன்று தாக்கொம்பாவும் மற்றத் தலைவர்களும் தீவுகளை பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார்கள். சிட்னிக்குப் போன தாக்கொம்பாவின் குடும்பம் 1875 ஜனவரியில் திரும்பிய கப்பலிலேயே தட்டம்மையும் வந்தது. ஏறக்குறைய 40,000 பேர் செத்தார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிள்ளைகளை இந்த டவுனை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு சாவு விழுந்தால் எப்படி இருக்கும்?

அப்புறம் கவர்னர் ஆர்தர் கார்டன். பீஜிக்காரர் நிலத்தை விற்கக் கூடாது, அவர்களைக் கிராமத்திலிருந்து பிரித்துத் தோட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது என்று வைத்தார். அப்போ கரும்பை யார் வெட்டுவது? கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "நம்மாளுங்கதான் டீச்சர்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். கார்டன் மொரீஷியஸிலும் டிரினிடாட்டிலும் கவர்னராக இருந்தவர், இந்தியக் கூலிகளை வைத்து வேலை வாங்குவதைக் கண்ணால் பார்த்தவர். ஒரு மக்களைக் காப்பாற்ற இன்னொரு மக்களைக் கப்பலேற்றினார்கள். கதையின் முடிச்சு இதுதான். இதை விட்டுவிட்டால் மீதி எல்லாம் வெறும் சோகம்.

இப்போது கப்பலைக் கொண்டுவரலாம். 1879 மே 14, லியோனிடாஸ், கல்கத்தாவிலிருந்து 463 பேர். 1916 வரை மொத்தம் 60,000 பேருக்கு மேல். 1903 முதல் மதராஸிலிருந்தும் ஆள் போனார்கள்; தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அப்படிப் போனவர்கள்தான். ஐந்து வருட ஒப்பந்தம், பத்து வருடம் இருந்தால்தான் இலவசத் திரும்புப் பயணம். லயன் வீட்டையும் துரையையும் நீங்கள் விளக்க வேண்டியதில்லை, அது இந்தப் பிள்ளைகளுக்குத் தாத்தா சொன்ன கதை. இங்கே கங்காணி என்றால் அங்கே சர்தார். இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுங்கள்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டியது நிலத்தில். மண்டபத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் 100 கட்டம் போடுங்கள், அதுதான் பீஜியின் மொத்த நிலம். 87 கட்டம் ஈத்தௌக்கெய் குலங்களின் பூர்வீக நிலம். மலையும் காடும் அதில் அடக்கம். கரும்பு விவசாயி அதில் குத்தகைதாரர். 1976 சட்டப்படி குத்தகை 30 வருடம், 1997 முதல் ஒவ்வொன்றாக முடியத் தொடங்கியது. ஒரு பிள்ளையை நிலக்காரராகவும் இன்னொன்றை விவசாயியாகவும் கட்டத்துக்குள் நிறுத்தி, "குத்தகை முடிஞ்சது" என்று சொல்லுங்கள். "காட்டை வெட்டிக் கரும்பு போட்டது எங்க தாத்தா!" என்று ஒன்று கத்தும். "எங்க பாட்டனைப் புதைச்சது இங்கதான்!" என்று மற்றது கத்தும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பாதியில் இடம் மாற்றிவிட்டு மறுபடி பேச விடுங்கள். அமைச்சராக இருந்த எங்கள் ஊர் துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்க வழி செய்தார். பீஜியில் விலைக்கு வாங்கக்கூடிய நிலம் மிகக் கொஞ்சம் என்பதை அதோடு வைத்துக் காட்டலாம்.

அடுத்து, கரும்பலகையில் மே 14 என்று எழுதி, கீழே மூன்று வருடங்களைப் போடுங்கள். 1879 தெரியும். 1987-இல் அதே நாளில் ராணுவ அதிகாரி ரம்புக்கா ஆட்சியைக் கவிழ்த்தார். இந்தியர் ஆதரவோடு அமைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்த அரசு அது. அதன் பிரதமர் பவாத்ரா ஈத்தௌக்கெய் என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் இரண்டு கட்சி கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். 2023-இல் அதே ரம்புக்கா, இப்போது பிரதமராக, அதே நாளில் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு போதுமா என்று பெரிய பிள்ளைகளைக் கேட்கலாம், நல்ல சண்டை வரும்.

கடைசியாக நம் ஊர். பக்கத்து ஊரான லாசாவிலிருந்து பூர்வகுடிகளான தெமியார் மக்கள் டவுனுக்குச் சாமான் வாங்க வருவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள், பேசியதில்லை. ரப்பர் வருவதற்கு முன் இந்தக் காடு யாருடையது என்று கேளுங்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கப்பட்ட தெமுவான் பூர்வகுடி மக்களுக்கு அந்த மண்ணில் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்ததைச் சொல்லுங்கள். "நம்ம பாடே பெரும்பாடு, இது எதுக்கும்மா?" என்று பெரியவர் யாராவது கேட்பார். உட்கார வைத்து அவரையும் கட்டத்துக்குள் இறக்கிவிடுங்கள்.

வீட்டுப்பாடம்: பீஜிக்குப் போனவர்களுக்கு ஒரு பயண அனுமதிச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஊர், உடம்பில் உள்ள தழும்பு. பிள்ளைகள் தங்கள் முப்பாட்டனுக்கோ முப்பாட்டிக்கோ அப்படி ஒன்று எழுதி வரட்டும், வீட்டில் கேட்டு. தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பக் கூடாது, வெறுமையாக விடச் சொல்லுங்கள். சாதிக் கட்டத்தை நான் எடுத்துவிட்டேன்.